நீலம் பாரித்த டிஸ்க்

ரொட்டிக்காரன் அன்று காலை வீட்டுக்கு வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அவன் மனைவி முதலில் சிரித்துவிட்டாள். முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பிறகுதான் பார்த்தாள். தலைமுடியில் வேலிச்செடியின் இலைகள், சட்டையில் மாவும் சேறும், ஒரு காலில் மட்டும் செருப்பு. சைக்கிளைத் தூறலிலேயே சுவரில் சாய்த்துவிட்டு, ஏதோ அது அவனைக் கடித்துவிட்ட மாதிரி முறைத்துக்கொண்டு நின்றான்.

"என்னாச்சுங்க?"

"பிரேக் பிடிக்கல."

"நேத்து வரைக்கும் பிடிச்சுதே?"

"நேத்து வரைக்கும் கத்துச்சு. பிரேக்கைத் தொட்டா தெருவே திரும்பிப் பாக்குது. மானம் போகுதேன்னு விடிகாலை பேக்கரியிலேர்ந்து கிளம்பறப்போ கொஞ்சம் எண்ணெய் போட்டேன்."

"எதுல போட்டீங்க?"

"அந்த வட்டத் தகட்டுலதான். சத்தம் அதுலேர்ந்துதானே வருது?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அதை ரெண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிச்சாத்தான் சக்கரம் நிக்கும். அதுல எண்ணெய் போட்டா வழுக்காம என்ன செய்யும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ தூங்கிட்டு இருந்த."

"இதை வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க. என் பிழைப்பு போயிடும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊருக்கு அவள் பிரேக்கம்மா. தெருக்கோடியில் தகரக்கூரை போட்ட கொட்டகைதான் கடை. தாய்மாமன் பட்டறையில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாக ஆரம்பித்தாள். இன்ஜின் வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் ஊரில் வேறு ஆட்கள் இருந்தார்கள். காரானாலும் சைக்கிளானாலும் பிரேக் என்று வந்துவிட்டால் இந்தக் கொட்டகைக்குத்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்டவளின் புருஷன் பிரேக் பிடிக்காமல் வேலிக்குள் போய் விழுந்தான் என்றால் ஊர் சும்மா விடுமா?

அடுப்படியில் அவனை உட்காரவைத்து, வெந்நீரில் துணியை நனைத்து முழங்கையைத் துடைத்தாள். அவன் மேலிருந்து புது ரொட்டியின் வாசனை வந்தது. அந்த வீட்டில் விடிகாலை என்பதே அந்த வாசனைதான். உள்ளறையில் மாமனார் இருமுவதும், மாமியார் ஏதோ பாத்திரத்தைத் தேடுவதும் கேட்டன. ரொட்டிக்காரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்பா நேத்து சாயங்காலம் தையல்காரர் வீட்டு கேட்டை இடிச்சிருக்கார்."

"யாரு சொன்னா?"

"கேட்டே சொல்லுது, வளைஞ்சு நிக்குது. அதுக்கு முன்னாடி குப்பைத்தொட்டி. கேட்டா, தொட்டி நடு ரோட்டுக்கு வந்து நின்னுச்சுங்கறார். அவர் இனிமே வண்டி ஓட்டக்கூடாது."

"சொல்லுங்க அவர்கிட்ட."

"நான் சொன்னா கேப்பாரா? காலமெல்லாம் டாக்சி ஓட்டின மனுஷன். நான் சொல்ற அன்னைக்கு வேணும்னே நாலு தெரு அதிகமா சுத்திட்டு வருவார்." அவன் கொஞ்சம் தயங்கினான். "இன்னைக்கு உன் கொட்டகைக்கு வண்டியைக் கொண்டு வரப்போறாராம். பிரேக் அடிக்கும்போது ஏதோ சத்தமாம். பிரிச்சுப் பாத்துட்டு, சாமான் கிடைக்கலன்னு சொல்லிடேன். அப்படியே ஸ்டாண்டு மேல கிடக்கட்டும். கொஞ்ச நாள்ல அவரே மறந்துடுவார்."

"பிரேக் விஷயத்துல என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஒரு தடவை."

"வேற எதுல வேணா சொல்லுவேங்க. உங்க கேக்கைத் தின்னுட்டு நல்லா இருக்குன்னு சொல்றதில்லையா?"

அவன் சிரிக்கவில்லை. கேக் விஷயத்தில் அவனுக்குச் சிரிப்பு வருவதில்லை.

*

கார் தெரு திரும்புவதற்கு முன்பே அதன் சத்தம் கொட்டகைக்குள் வந்துவிட்டது. கீச்சென்ற சத்தம் என்றால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். பேடு தேய்கிறது, மாற்று என்று வண்டியே சொல்கிற சத்தம் அது. இது அதைத் தாண்டிப் போயிருந்தது. இரும்பும் இரும்பும் அரைபடுகிற சத்தம். கூடவே மாமியாரின் குரலும் வந்தது. "மெதுவா… மெதுவா… போதும், நில்லுங்க, நில்லுங்க!" வண்டி நின்றது. மாமனார் ஓட்டினால் மாமியார் பக்கத்தில் இருந்துகொண்டு விடாமல் பேசுவாள். அந்தக் காருக்கு ரெண்டு டிரைவர் என்று தெருவில் எல்லாரும் கேலி பேசுவார்கள்.

மழை வலுத்திருந்தது. இருவரையும் உள்ளே உட்காரவைத்துவிட்டு அவள் வேலையில் இறங்கினாள். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு மேல் இறக்கினாள். சக்கரம் கையோடு வந்தது. பேடுகளைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, அது தன் ஆயில் ஹோஸில் தொங்கிவிடாமல் ஒரு கம்பியால் மேலே கட்டினாள். பேடுகளை வெளியே எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பேடு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பிடிக்கிற பகுதி முழுக்கத் தேய்ந்து, அடித்தகடு டிஸ்க்கை உழுதிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. டிஸ்க் நெடுக நீலம் பாரித்துக் கிடந்தது. சூடு ஏறி, ஆறி, மறுபடி ஏறி, இரும்பு நிறம் மாறியிருந்தது. விளிம்பில் விரலை வைத்தால் வரப்பு மாதிரி மேடு தட்டியது. மறு சக்கரத்தையும் கழற்றினாள். அதுவும் அப்படியே.

அவளுக்கு அந்த வண்டியைத் தெரியும். மாமனாரின் ஓட்டும் தெரியும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிடியிலேயே இறங்குகிற மனுஷன். அவர் வண்டியில் பேடு மாற்றுவது என்பது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, எப்போதாவது ஒரு முறை. போன மழைக்காலத்தில் அவள் கையால் போட்ட பேடு இது. தன் மகளைப் பார்க்க அவர் வாரம் ஒரு தடவை மலை தாண்டிப் போவதைத் தவிர வண்டி ஊரை விட்டு எங்கேயும் போவதில்லை. அதற்குள் இப்படியா?

"என்னம்மா, மலைச்சுப் போய் நிக்கற?" என்றார் மாமனார்.

"டிஸ்க்கே போயிடுச்சு மாமா. எறக்கம் பூரா பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே வந்தா இப்படி ஆகும்."

"இப்ப வர்ற பேடெல்லாம் தகர டப்பா. அந்தக் காலத்துல…" என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. மாமியார் வாசலுக்கு வெளியே கொட்டுகிற மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மாமியார் வாயே திறக்காதது பிரேக்கம்மாவுக்கு வியப்பாக இருந்தது.

லேத்தில் கொடுத்துச் சீவ முடியாது, அந்த அளவுக்குக் கனமில்லை. புது டிஸ்க்தான். அந்த வண்டிக்கு ஏற்ற ஜோடி ஒன்று அவள் அலமாரியிலேயே, எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் இருந்தது. அவள் அலமாரியைப் பார்க்காமல் சொன்னாள்:

"இந்த மாடலுக்கு டிஸ்க் இப்ப கிடைக்கிறதில்ல மாமா. சொல்லி வெக்கணும். எப்ப வரும்னு தெரியாது."

மாமனார் கோபப்படுவார், ஊரில் உள்ள கடையெல்லாம் வரிசையாகச் சொல்லி அங்கே கேட்டாயா இங்கே கேட்டாயா என்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "வரப்போ வரட்டும்மா. என்ன அவசரம்?" என்று உடனே எழுந்துவிட்டார். தோள்கள் இறங்கின மாதிரி இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வலப்பக்கம் கழற்றி வைத்திருந்த சக்கரத்தில் முட்டிக்கொண்டார். சின்னப் பொருளா அது? சக்கரம். மாமியார் அவருடைய வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே குடையில் மழைக்குள் போனார்கள்.

*

வண்டி சக்கரமில்லாமல் ஸ்டாண்டு மேல் நின்றது. மழை விட்டும் விடாமலும் பெய்தது. பிரேக்கம்மா தன் வேலைகளைப் பார்த்தாள், ஆனால் வண்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் யாரோ வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்தே பேசுகிற மாதிரி ஒரு கூச்சம்.

வாரத்தில் மகள் வீட்டுக்குப் போகிற நாள் வந்தது, யாரும் போகவில்லை. அன்று மதியம் மாமியார் சாப்பாட்டோடு கொட்டகைக்கு வந்தாள். அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, காலையில் மகன் கொண்டுவந்த ரொட்டி. மருமகள் அப்போது புருஷனின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டிஸ்க்கை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் குடித்த பேடுகளைக் குப்பையில் எறிந்தாயிற்று.

"அதைக் கழுவிப் போடக்கூடாதா?" என்றாள் மாமியார்.

"ஆகாது அத்தை. ஒரு தடவை எண்ணெய் இறங்கிட்டா வராது. புதுசுதான் போடணும்."

"அவனுக்கு எதையாவது பூசி மெழுகிட்டாப் போதும். சின்ன வயசுலயும் அப்படித்தான். பீங்கான் தட்டை உடைச்சுட்டு, மாவால ஒட்டி அலமாரியில வெச்சான்." சொல்லிவிட்டு முட்டையை உரிக்க ஆரம்பித்தாள். உரித்ததும் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "அந்த டிஸ்க்கு… எப்பதாம்மா வரும்?"

பிரேக்கம்மா துணியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நான் ஒன்னு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். மாமாவுக்குக் கண்ணு தெரியலையா?"

மாமியார் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"வலது கண்ணு. டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு. யாருக்கும் சொல்லாதேன்னு என் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டார்."

"அப்புறம் எப்படி ஓட்டறார்?"

"நான்தான் பாத்துச் சொல்றேனே. வலது பக்கம் ஆள் வர்றான், லாரி வருது, வளைவு வருது, பிரேக்கைப் பிடிங்க, விடுங்க. போறப்போவும் சொல்லிட்டே போவேன், வர்றப்போவும் சொல்லிட்டே வருவேன். பொண்ணு வீட்டுக்குள்ள போய் உக்காந்தா எனக்குக் குரலே இருக்காது. 'ஏம்மா எப்பவும் தொண்டை கட்டியே வர்ற'ன்னு கேப்பா. மலைக்காத்துன்னு சொல்லுவேன்."

தெருவே கேலி பேசின பேச்சு அது. பிரேக்கம்மாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

"அத்தை, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! அந்த இறக்கத்துல ஒரு லாரி…"

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?"

"பஸ்ல போகக்கூடாதா?"

"பஸ் ஊரெல்லாம் சுத்திக்கிட்டுப் போகுது. போய் இறங்கினதும் திரும்பி வர்ற பஸ்ஸுக்கு நேரமாயிடும். அவ முகத்தைப் பாத்துட்டு அப்படியே ஓடி வரவா?" முட்டையைத் தட்டில் வைத்துவிட்டாள். "அவளாவது இங்க வருவான்னா அதுவும் இல்ல. இவன் இருக்கிற வீட்டுப் படி ஏறமாட்டேங்கறா. இவனும் அவ வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டேங்கறான். உன்னைக் கேட்டா நீ கூட்டிட்டுப் போவே, மாட்டேன்னு சொல்லமாட்டே. ஆனா அவன் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவான். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு?"

அந்தச் சண்டையை நினைத்தால் வெளியாட்கள் சிரிப்பார்கள். நாத்தனார் சொந்தமாகக் கடை திறந்தபோது திறப்பு விழாவுக்கு வேறு ஒரு கடையில் கேக் வாங்கினாள். அண்ணன் பாவம், ராத்திரியெல்லாம் அடுப்பில் நிற்கிறானே, இதையும் ஏன் அவன் தலையில் கட்டுவது என்று அவள் நினைத்தாளாம். அண்ணனோ நாலு பேர் நடுவில் அந்தக் கேக்கைத் தொடமாட்டேன் என்றான். "என் கேக்கு உனக்குக் கசக்குதா?" என்றான். "கசந்தாக்கூடப் பரவாயில்ல, செங்கல் மாதிரி இருக்கு" என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்றைக்குப் பிரிந்தவர்கள் அண்ணனும் தங்கையும்.

மாமியார் பாத்திரங்களை எடுத்து வைத்தாள். "கிடைக்கலன்னா விடும்மா. வண்டி நிக்கறதும் ஒரு விதத்துல நல்லதுதான். நானும் மனசைத் தேத்திக்கிறேன்." போகும்போது தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மருமகள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

*

அன்று ரொட்டிக்காரன் தூங்கி எழும் நேரத்துக்குப் பிரேக்கம்மா வீட்டுக்குப் போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். எதையும் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கண், சத்தியம், மலை இறக்கம், தொண்டை கட்டின அம்மா.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கைகள் மடியில் கிடந்த போர்வையை மாவு பிசைகிற மாதிரி பிசைந்தன.

"நாளைக்கு டிஸ்க்கைப் போட்டுடுவேன்" என்றாள்.

"கிடைக்கலன்னு சொன்னியே?"

"அலமாரியிலேயே இருக்கு. நான் சொன்ன பொய் எனக்கே தொண்டையில நிக்குதுங்க. வண்டி சரியா இருக்கணும். ஓட்டறது யாருங்கறது வேற பேச்சு. அந்தப் பேச்சைப் பேசியே ஆகணும்."

"அப்பாகிட்ட நான் எப்படி…"

"சரி, அதை நான் பாத்துக்கறேன். வாரா வாரம் அத்தையை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக்கூடாது."

"நான் எப்ப தூக்கி வெச்சேன்?"

"இப்பகூட அப்படித்தான் வெச்சிருக்கீங்க."

அவன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். அதற்குள்ளிருந்து, "செங்கல்னு சொன்னாளே" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

*

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. பிரேக்கம்மா காலையிலேயே ஆரம்பித்தாள். பழைய டிஸ்க்குகள் துருவில் பிடித்துக்கொண்டு வர மறுத்தன; ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தாள். டிஸ்க் உட்காருகிற இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியச் சுத்தம் செய்தாள். அங்கே ஒரு பொடித் துரு மிச்சமிருந்தாலும் டிஸ்க் ஆடும், பெடல் காலுக்கடியில் நடுங்கும். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்தாள். காலிப்பரின் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளி, புதுப் பேடுகளை வைத்து, காலிப்பர் வழுக்கி நகர்கிற பின்களுக்கு மட்டும் கிரீஸ் தொட்டாள். எல்லாம் பூட்டியாயிற்று. பாக்கி இருந்தது பிரேக் ஆயில். இறக்கத்துச் சூட்டில் அது கொதித்துக் கறுத்திருந்தது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பழசை வெளியேற்றி, காற்றையும் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில்.

மாமனாருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து, பூட்டியிருந்த பளபளக்கிற டிஸ்க்கைப் பார்த்தார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவள் பின் சக்கரத்தின் அடியில் படுத்துக்கொண்டாள். இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"அமுக்குங்க மாமா."

"அமுக்கிட்டேன்."

"அப்படியே பிடிச்சுக்கோங்க." ஆயில் வெளியேறுகிற திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தினாள். கறுத்த ஆயில் குமிழிகளோடு கண்ணாடி போல உள்ளே தெரிகிற குழாய் வழியாகப் புட்டிக்குள் இறங்கியது. மூடினாள். "இப்ப விடுங்க."

கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. அமுக்குங்க, பிடிங்க, விடுங்க. அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள்.

"அம்மாடி" என்றார் மேலேயிருந்து. "உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"தெரிஞ்சுபோச்சு மாமா. அமுக்குங்க."

"உங்க அத்தை சொல்லிட்டாளா?"

"நானா கேட்டேன். அதுக்கு முன்னாடியே சந்தேகம்தான். அந்த டிஸ்க்கு நீங்க ஓட்டின வண்டியோட டிஸ்க்கு மாதிரியே இல்ல."

அவர் பெடலை அமுக்கியபடியே இருந்தார். அவள் விடுங்க என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"இருட்டா இருந்தாக்கூடத் தேவலம்மா" என்றார். "இருட்டுன்னா அங்க தெரியலன்னு புரியும். இது அப்படி இல்ல. ரோடு வெறிச்சோன்னு இருக்கும். ஒன்னுமே இல்லாத இடத்துலேர்ந்து திடீர்னு ஒரு ஆளு முளைப்பான். தையல்காரர் வீட்டு கேட்டு அப்படித்தான் முளைச்சுது. இந்தக் கண்ணு போனதுலேர்ந்தே காலைப் பிரேக்குலேர்ந்து எடுக்கப் பயம். எறக்கத்துல கியர்ல விட்டு இறங்கினவன் நான். இப்போ ரெண்டு கையும் வேர்க்குது."

"விடுங்க மாமா… மறுபடி அமுக்குங்க. சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்க அத்தை பொண்ணைப் பாக்க முடியாம அழுவா. சொல்லாம ஓட்டினா அவளை என் கையால கொன்னுடுவேனோன்னு பயம். ரெண்டுக்கும் நடுவுலதான் வாரா வாரம் போயிட்டு வந்தேன்." பெருமூச்சு விட்டார். "டிஸ்க்கு கிடைக்காதுன்னு நீ சொன்னே பாரு, அப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்."

"அது பொய் மாமா. இந்த டிஸ்க்கு அன்னைக்கே அலமாரியில இருந்துச்சு. உங்க பையன் சொல்லச் சொன்னார், நானும் சொல்லிட்டேன்."

மேலே சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்று தெரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"நான் கண்ணு தெரியுதுன்னு பொய், அவ மலைக்காத்துன்னு பொய், நீ டிஸ்க்கு இல்லன்னு பொய். இந்த வீட்டுல உண்மையைச் சொன்னது அந்த இரும்பு ஒன்னுதான் போல!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றிலும் ஆயிலிலும் படுத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மீதிச் சக்கரங்களையும் முடித்தார்கள். புட்டியில் இறங்குகிற ஆயில் தேன் நிறத்துக்கு வந்தது.

"இப்ப எப்படி இருக்கு பெடல்?"

"கல்லு மாதிரி நிக்குதும்மா."

சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினாள். புது டிஸ்க்கும் புதுப் பேடும் ஒன்றோடு ஒன்று செட்டாக வேண்டும். ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி, வேகமெடுத்து, இதமாகப் பிடித்து விட்டு, மறுபடி பிடித்து விட்டுப் பழக்க வேண்டும். சாவி வண்டியிலேயே இருந்தது. மாமனார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். அவள் கதவருகே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். இறங்குங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அவள் உயரத்துக்குத் திருப்பிவைத்தார்.

"நீ குள்ளம்" என்றார். "சீட்டை முன்னாடி இழுத்துக்கோ."

இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

"மலை ரோடு எனக்குப் பழக்கமில்ல மாமா. எங்க கியர் குறைக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"சொல்லாம என்னால உக்காரவா முடியும்?"

*

வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்ததும் மாமியார் வெளியே வந்தாள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். உள்ளே போய், வேறு புடவை மாற்றிக்கொண்டு, பையோடு வந்து பின் சீட்டில் ஏறினாள். அவ்வளவு வேகமாக அவள் கிளம்பி யாரும் பார்த்ததில்லை.

ரொட்டிக்காரன் வாசற்படிக்கு வந்து நின்றான். "எங்க கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

"புது பிரேக்கைப் பழக்கணும்" என்றாள் மனைவி.

"எங்க?"

"மலை ரோட்டுல."

அவனுக்குப் புரிந்தது. கதவுநிலையில் இல்லாத மாவைச் சுரண்டினான். "சரி, போயிட்டு வாங்க" என்றான். ஆனால் உள்ளே போகவில்லை. பிரேக்கம்மாவும் வண்டியை எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பின் சீட்டில் மாமியார் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறுடா" என்றார் அப்பா, முன்னால் பார்த்தபடியே. "உன் பொண்டாட்டி பெட்ரோலை எரிச்சுக்கிட்டு நிக்கறா."

"நான் சும்மா வண்டிக்குள்ளதான் இருப்பேன். இறங்கமாட்டேன்."

"யாரு உன்னை இறங்கச் சொன்னா?" என்றாள் அம்மா.

சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஏறினான். கை வீசிக்கொண்டுதான் வந்தான். போகிற வீட்டுக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லையா என்று அம்மா கேட்டதற்கு, "அவளுக்குத்தான் கேக் வாங்க வேற கடை இருக்கே" என்றான்.

ஊர் தாண்டியதும் ரோடு ஈரமாக, ஆளில்லாமல் நீண்டது. பிரேக்கம்மா வேகமெடுத்து, மெல்லப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தாள். முதலில் லேசான கரகரப்பு. போகப் போகப் பிடி வழவழப்பாக வந்தது. மலையேறும்போது மாமனார் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கியர் சொன்னார். உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியதும் அவருடைய வலது கால், பெடலே இல்லாத தரையை அழுத்தியது. கொஞ்ச தூரம் போனதும் அதைத் தளர்த்திக்கொண்டு, ஜன்னலை இறக்கிவிட்டார்.

பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. பிரேக்கம்மா கண்ணாடியில் பார்த்தாள். மாமியார் கண்ணாடி ஜன்னலில் மூக்கு படும்படி சாய்ந்து, வெளியே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு வந்தாள். மரங்கள் விலகின இடத்தில், கீழே பள்ளத்தில், மழைத்தண்ணீர் நிறைந்து ஒரு ஏரி கிடந்தது.

"ஏங்க, இங்க ஒரு ஏரி இருக்கா?"

வாரா வாரம் போய்வந்த ரோடு அது. மாமனார் திரும்பி அவளைப் பார்க்க முயன்று, பாதியில் நிறுத்திக்கொண்டார். ரொட்டிக்காரன் அம்மாவின் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

நாத்தனார் கடை வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவள், ஓட்டுவது அண்ணி என்று கண்டு திகைத்தாள். பின் சீட்டில் இருப்பது யார் என்று கண்டதும் கால் நின்றுவிட்டது. அம்மாவும் அப்பாவும் இறங்கினார்கள். அண்ணன் சொன்னபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவள் ஜன்னலருகே வந்து குனிந்தாள்.

"என்ன, உள்ளயே உக்காந்துட்டே?"

"பிரேக்கு சூடா இருக்கு" என்றான் அவன், எதிரே பார்த்துக்கொண்டு. "ஆறணும்."

"ஆறட்டும். அது ஆறறதுக்கு நீ எதுக்கு காவல்? இறங்கி வந்து டீ குடி." கொஞ்சம் நிறுத்தினாள். "கேக்கெல்லாம் ஒன்னும் இல்ல, பயப்படாதே."

அவன் இறங்கவில்லை. ஆனால் இறங்கமாட்டேன் என்று இறுக்கி வைத்திருந்த முகம் கலைந்துகொண்டிருந்தது. பிரேக்கம்மா அதைப் பார்க்காத மாதிரி முன் சக்கரத்தின் அருகில் குந்தி, டிஸ்க்கைத் தொடாமல் கையை மட்டும் பக்கத்தில் நீட்டிச் சூடு பார்த்தாள். எழுந்து மறு சக்கரத்துக்குப் போனாள். இரண்டிலும் ஒரே அளவு சூடு. சரியாகப் பிடித்திருக்கிறது. அப்போது பின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

வாசலில் மாமியார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கட்டாத குரலில் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்:

"ஏண்டி, வர்ற வழியில அவ்வளவு பெரிய ஏரி இருக்கு. இத்தனை நாள்ல நீ ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அது எப்பவும் அங்கதானேம்மா இருக்கு?" என்றாள் மகள்.